மானுக்கு அஞ்சும் மனிதன்

மான் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே தமிழ் கற்றார் உள்ளத்தில் எழுவன எல்லாம் இனியனவே. மருண்ட நோக்கும், மெல்லிய நடையும், இலை அசைந்தாலும் நிமிரும் செவியும் ஒன்றன்பின் ஒன்றாய் நினைவுக்கு வருகின்றன. பாலைக்கலி பாடிய புலவர், நிழலற்ற சுரத்திலே தன் பிணைக்குத் தன் உடலின் நிழலையே கொடுத்து நிற்கும் கலைமானைக் காட்டினார். ஐந்திணை ஐம்பது பாடிய மாறன் பொறையனார், சுனையில் எஞ்சிய சிறுநீர் இருவர்க்கும் போதாது எனக் கண்டு, பிணை பருகட்டும் என்று தான் பருகுவது போலப் பாவனை செய்யும் கலையைக் காட்டினார். சிவபெருமானுடைய திருக்கரத்திலே மான் உண்டு. வள்ளியம்மை மான் வயிற்றில் உதித்தவள் என்பதைக் கந்தபுராணப் படிப்பிலே வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துக் கூறவேண்டுவதில்லை. அன்புக்கும் அடைக்கலத்துக்கும் அடையாளமாக ஒரு காட்டுயிரைத் தேடுவோமாயின், நம் இலக்கியம் மானையே முதலில் நம் முன் கொணர்ந்து நிறுத்தும்.

இத்துணை மெல்லிய உயிர், அச்சமூட்டுதலையே நோக்கமாகக் கொண்ட படைப்புகளில் இன்று அடிக்கடி தலைகாட்டுகிறது. 2016 இல் வெளிவந்த 'ட்ரெயின் ரு பூசான்' என்னும் கொரியத் திரைப்படம், வீதியில் அடிபட்டு வீழ்ந்த மான் ஒன்று வெளிறிய விழிகளோடு மீண்டும் எழுந்து நிற்கும் காட்சியோடு தொடங்குகிறது. 2017 இல் ஜோர்டன் பீல் இயக்கிய 'கெற் அவுட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்திலும் வாகனத்தில் மோதுண்ட மான் ஒன்றுதான் வரப்போகும் கேட்டுக்கு முன்னறிவிப்பாகிறது. அதே ஆண்டில் கிரேக்க நாட்டு இயக்குநர் யோர்கொஸ் லாந்திமொஸ் உருவாக்கிய படத்துக்குப் 'புனித மானின் கொலை' என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது. 2020 இல் ஸ்ரீபன் கிரஹம் ஜோன்ஸ் எழுதிய 'த ஒன்லி குட் இந்தியன்ஸ்' என்னும் ஆங்கில நாவலில், கொல்லப்பட்ட மான் பெண்ணுருக் கொண்டு பழிவாங்க வருகிறது. புலியும் ஓநாயும் பாம்பும் இருக்க, புல்லுண்ணும் மானை ஏன் இவர்கள் தேர்ந்தனர்?

"பேய்ப்படத்துக்கும் பேய்க்கதைக்கும் இலக்கியப் பக்கத்தில் இடமேது?" என ஆசிரியர் சிலர் வினவுதல் கூடும். அவ்வினாவுக்கு விடை நம் முதனூலிலேயே உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது அச்சத்தை இழிந்தது என ஒதுக்கினாரல்லர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என ஒரே நிரலில் வைத்து எண்ணினார். ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களிலிருந்து பிறக்கும் எனவும் கூறினார். நம் மாணாக்கர் இம்முப்பத்திரண்டையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கின்றனர். விடைத்தாளில் எழுதிவிட்டு மறந்தும் விடுகின்றனர். ஓர் இலக்கணம் உயிரோடு இருக்கிறதா என அறிய, அது பிறந்த காலத்தில் இல்லாத பொருளொன்றை அதன்முன் வைத்துப் பார்த்தலே தக்க வழி. இன்றைய அச்சப் படைப்புகளிலே வரும் மானை மெய்ப்பாட்டியலின் முன் வைத்துப் பார்ப்போம்.

அச்சத்துக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. அணங்காவது தெய்வமும் பேயும் முதலாக நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. விலங்கு என்ற இடத்தில் நம் நினைவுக்கு வருவன அரியும் புலியும் போன்ற கொடிய உயிர்கள். கள்வர் என்பார் மறைந்தும் வேடம் பூண்டும் வந்து நம் பொருளையும் உயிரையும் கவர்வோர். இறை என்றது அரசன் முதலாக நம்மைக் கேள்வி கேட்கும் உரிமையுடைய மேலோரை. தவறிழைத்தவன் அவர்முன் நிற்க நடுங்குவான். முதல் மூவகை அச்சமும் குற்றமற்றவனுக்கும் உண்டாகும். நான்காவது அச்சமோ பெரிதும் குற்றமுள்ள நெஞ்சினனுக்கே உரியது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கதைகளில் வரும் மான் அணங்காய் நின்று அச்சுறுத்தும். கள்வராய் நின்று அச்சுறுத்தும். இறையாய் நின்றும் அச்சுறுத்தும். விலங்காய் நின்று மட்டும் அஃது எவரையும் அச்சுறுத்துவதில்லை. மானைக் கண்டு ஒருவன் அஞ்சினான் என்றால், அவன் அஞ்சியது மானுக்கு அப்பாலுள்ள வேறொன்றை.

முதலிலே கள்வர் என்னும் நிலைக்களத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு மாரீசனிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பொன்னிறமும் மணிப்புள்ளியுமாய்ப் பர்ணசாலையின் முன்னே துள்ளிய மானைக் கண்டு சீதை விரும்பினாள். இத்தகைய மான் இயற்கையில் இல்லை என இலக்குவன் ஐயுற்றான். உலகில் இல்லாதது என ஒன்றில்லை என்று இராமன் விடையிறுத்தான். அம்பு பட்டு வீழ்ந்தபோது அம்மான் இராமனுடைய குரலில் ஓலமிட்டது. அக்கதையின் முழு அச்சமும் அவ்வோலத்திலேயே இருக்கிறது. மெல்லிய விலங்கின் வாயிலிருந்து நமக்கு மிக நெருங்கிய ஒருவரின் குரல் வருமாயின், அதன்பின் எதனை நம்புவது? கண்ணையும் நம்ப இயலாது. காதையும் நம்ப இயலாது. இன்றைய அச்சப் படைப்புகள் பலவும் கையாளும் உத்தியை, ஒலிக்கருவியும் ஒளிக்கருவியும் இன்றி நம் காவியங்கள் முன்னரே கையாண்டுவிட்டன.

ஆயின் ஈண்டு ஒன்று கருதற்பாலது. மாரீசன் தானே விரும்பி மானானவன் அல்லன். முன்னரே இராமன் அம்பின் வலிமையை அறிந்தவன் அவன். இராவணனுக்கு அறிவுரை கூறிப் பார்த்தான். பயனின்மை கண்டு, இராவணன் கையால் இறப்பதினும் இராமன் கையால் இறத்தல் நன்று எனத் துணிந்தே புறப்பட்டான். பிறரை அச்சுறுத்தப்போகும் அம்மானின் தோலுக்குள்ளே இருந்தவன், எல்லாரினும் மிகுதியாக அஞ்சிய ஒருவன். மானுருவை அவன் தேர்ந்ததிலும் பொருத்தம் உண்டு; அஞ்சும் இயல்பே மானின் இயல்பன்றோ? கள்ளத்தைப் பற்றிய வரையில், மாறன் பொறையனார் காட்டிய கலைமானும் ஒரு கள்ளமே செய்தது. தான் பருகாது பருகுவதாய்க் காட்டிற்று. அக்கள்ளம் அன்பின் பொருட்டு. மாரீசன் கள்ளம் அழிவின் பொருட்டு. ஒரே விலங்கின் ஒரே செயல், நோக்கம் மாறியபோது அமுதமும் நஞ்சுமாய் ஆகிவிடுகிறது.

இனி அணங்கு என்னும் நிலைக்களம். கிரேக்கர் காட்டுக்கும் வேட்டைக்கும் உரிய தெய்வமாக ஆர்ட்டெமிஸைப் போற்றினர். மான் அத்தெய்வத்துக்கு உரிய விலங்கு. ரோமானியப் புலவர் ஒவிட் தம் உருமாற்றக் காவியத்தில் கூறும் அக்தியோன் என்பான் ஒரு வேட்டுவன். காட்டிலே நீராடிக்கொண்டிருந்த அத்தெய்வத்தை அறியாது கண்டுவிட்டான். சினந்த தெய்வம் அவனைக் கலைமானாக்கியது. உடல் மாறிற்று, உள்ளம் மாறவில்லை. தன் சொந்த வேட்டைநாய்கள் துரத்திவர, ஒவ்வொன்றின் பெயரும் தெரிந்திருந்தும், "நான் உங்கள் தலைவன்" எனக் கூற அவனிடம் குரல் இல்லை. அந்நாய்களாலேயே கிழியுண்டு மாண்டான். மாரீசன் கதையில் மான் மனிதக் குரல் பெற்றது அச்சமாயிற்று. அக்தியோன் கதையில் மனிதன் மனிதக் குரலை இழந்தது அச்சமாயிற்று. தொல்காப்பியர் மருட்கைக்குக் கூறிய நிலைக்களங்களில் ஆக்கம் என்பதும் ஒன்று. ஒன்று திரிந்து மற்றொன்றாதல் அது. மருட்கை முற்றி அச்சமாகும் எல்லையிலே இக்கதைகள் நிற்கின்றன.

நாம் முன்னர்க் குறித்த கொரியப் படத்தின் மானையும் இவ்வகையிலே சேர்க்கலாம். இறந்த உடல் எழுதல் அணங்கின் செயலே. ஆயின் அக்காட்சியைக் கூர்ந்து நோக்குவோர் மற்றொன்றையும் காண்பர். மானை மோதிய வாகன ஓட்டி, தன் நாள் கெட்டதே என வைதுவிட்டுத் திரும்பிப் பாராது போய்விடுகிறான். அவன் போனபின்னரே அம்மான் எழுகிறது. படத்தின் நாயகன் நிதித்தொழில் புரிபவன். நோய் பிறந்த இடத்தோடு தன் தொழிலுக்கும் தொடர்பு இருந்ததைக் காலங்கடந்தே அறிகிறான். பார்க்க மறுத்த கணக்கொன்று தன்னைத் தானே எழுப்பிக்கொண்டு வந்து நிற்பதுபோல அந்த மான் நிற்கிறது. அணங்கென்று தொடங்கிய அச்சம் மெல்ல இறை என்னும் நிலைக்களத்துக்கு நகர்வதை ஈண்டுக் காண்கிறோம்.

மான் தரும் அச்சங்களில் ஆழமானது இவ்விறையச்சமே என்பது நம் கருத்து. பாரதத்திலே பாண்டு வேட்டைக்குச் சென்றான். காட்டில் இணைந்திருந்த மானிணையின்மேல் அம்பு தொடுத்தான். வீழ்ந்த கலைமான் வாய்திறந்து பேசியது. அது மானுருக்கொண்டு மனையாளோடு கூடியிருந்த கிந்தமர் என்னும் முனிவர். வேட்டையாடுதல் மன்னர்க்கு இயல்பே எனப் பாண்டு வாதிட்டான். "மானைக் கொன்றதற்காக நான் உன்னை நோகவில்லை, அன்பில் இணைந்திருந்த நேரம் பார்த்துக் கொன்றாயே, அதற்காகவே நோகின்றேன்" என்னும் கருத்துப்பட முனிவர் விடையிறுத்தார். மனைவியைத் தழுவும் நாளே உன் இறுதி நாள் எனச் சபித்தார். பாண்டு அவ்வாறே மாத்திரியைத் தழுவி மாண்டான். அந்தக் கலைமான் பாண்டுவைக் கொம்பினால் முட்டவில்லை, கால்களால் மிதிக்கவில்லை. ஒரு வினாவை மட்டும் எழுப்பியது. அரசனாகிய அவனுக்கு மேல் ஓர் அரசாய் அவ்வினா நின்றது.

அதே பாரதத்தின் இறுதியில் ஜரன் என்னும் வேடன், காட்டிலே யோகத்திற் கிடந்த கண்ணனை மான் எனப் பிறழ உணர்ந்து அம்பெய்தான். பாண்டு மான் என எய்தது முனிவர்மேற் பட்டது. ஜரன் மான் என எய்தது கண்ணன் திருவடியிற் பட்டது. இராமன் மான் என எய்தது அரக்கன்மேற் பட்டு, அவன் ஓலம் சீதையின் பிரிவாக முடிந்தது. மானை நோக்கி விடுத்த அம்பு மானோடு நிற்பதில்லை என்பது நம் காவியங்கள் மீண்டும் மீண்டும் உணர்த்தும் பாடம். ஆராய்ச்சி மணியை அசைத்த பசு காட்டு விலங்கன்று; ஆயினும் மனுநீதிச் சோழன் நடுங்கியதும் இதே முறையிலே. வாயில்லா உயிர் ஒன்று நியாயம் கேட்டு நிற்கும்போது செங்கோலும் அஞ்சும்.

கிரேக்கரும் இதனை அறிந்திருந்தனர். அகமெம்னன் ஆர்ட்டெமிஸின் சோலையிலே மானொன்றைக் கொன்று தற்பெருமை பேசினான் எனவும், அதனால் அவன் மரக்கலங்கள் காற்றின்றி ஔலிஸ் துறையிலே முடங்கின எனவும், ஈடாகத் தன் மகள் இபிஜீனியாவைப் பலியிட நேர்ந்தது எனவும் அவர்களிடையே ஒரு கதை வழங்கிற்று. யூரிப்பிடீஸ் இயற்றிய நாடகத்தின் முடிவிலே பலிபீடத்தில் மகளுக்குப் பதிலாக மானொன்று கிடக்கிறது. லாந்திமொஸ் இக்கதையையே இன்றைய மருத்துவர் ஒருவரின் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மருத்துவரின் கைப்பிழையால் தந்தையை இழந்த இளைஞன், அதற்கு ஈடாக அவர் குடும்பத்தில் ஓர் உயிரைக் கேட்கிறான். அப்படத்தின் கதையிலே மானுக்கு இடமில்லை. தலைப்பில் மட்டும் உண்டு. மான் இங்கே தீர்க்கப்படாத கடனுக்குப் பெயராகிவிட்டது.

'கெற் அவுட்' படத்தில் இக்கடன் இன்னும் நுட்பமாகக் காட்டப்படுகிறது. கறுப்பினத்து இளைஞனாகிய கிறிஸ், தன் வெள்ளையினக் காதலியின் பெற்றோரைக் காணச் செல்லும் வழியில் வாகனம் ஒரு மானை மோதுகிறது. அவன் இறங்கிச் சென்று காட்டோரத்தில் கிடந்து உயிர்விடும் அவ்விலங்கைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஏன் நிற்கிறான் என்பது பின்னரே விளங்கும். அவன் சிறுவனாயிருந்தபோது, வாகனமொன்று மோதிச் சென்றமையால் அவன் தாய் வீதியோரத்திலே கிடந்து இறந்தாள். வராத தாயைத் தேடி எவரையும் அழையாமல் அன்றிரவு அவன் தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்திருந்தான். அந்த மானின் விழியிலே அவன் கண்டது தாயின் விழியை. காதலியின் தந்தையோ, ஒரு மான் ஒழிந்ததே என மகிழ்ச்சி தெரிவிக்கிறார். மான்கள் பெருகிவிட்டன என வெறுப்போடு பேசுகிறார். மெல்லிய உயிரைப்பற்றி ஒருவர் பேசும் முறையே அவர் மனிதரை நடத்தும் முறையையும் காட்டிவிடுகிறது. இறுதியில், கிறிஸைக் கட்டிவைத்த அறையின் சுவரிலே ஒரு கலைமானின் தலை மாட்டப்பட்டிருக்கிறது. அத்தலையின் கொம்புகளைக் கொண்டே அவன் அத்தந்தையைக் குத்தி வீழ்த்துகிறான். வேட்டைப் பரிசாய்ச் சுவரில் மாட்டப்பட்ட தலை, வேட்டையாடினாரிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டது.

ஜோன்ஸின் நாவல் இவை எல்லாவற்றினும் கடினமான வினாவை எழுப்புகிறது. ஆசிரியர் பிளாக்ஃபீட் என்னும் அமெரிக்கப் பூர்வகுடியினர். அம்மக்களை இகழ்ந்து வழங்கிய பழங்கொடுஞ்சொல் ஒன்றிலிருந்தே நாவலின் தலைப்புப் பிறந்தது. அக்குடியைச் சேர்ந்த இளைஞர் நால்வர், மூத்தோருக்கென ஒதுக்கப்பட்ட வேட்டை நிலத்தினுள் அனுமதியின்றிப் புகுந்து, 'எல்க்' என்னும் பெரிய மானினத்தின் கூட்டமொன்றைச் சுட்டு வீழ்த்துகின்றனர். வீழ்ந்தவற்றுள் ஒன்று சூலுற்ற பெண்மான். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, மான்தலை கொண்ட பெண்ணாய் அது அவர்களைத் தேடி வருகிறது. நிலத்தையும் வாழ்வையும் பறிகொடுத்த ஒரு குடியினரே, தம்மினும் எளிய உயிரின் வாழ்வைப் பறித்தனர் என்னும் உண்மையை அக்குடியினரான ஆசிரியரே எழுதினார். தம் மக்கள் பட்ட துன்பத்தை அவர் மறுக்கவுமில்லை. அத்துன்பத்தைக் கேடயமாக்கி அவர்தம் குற்றத்தை மறைக்கவுமில்லை. துன்புற்றவனும் துன்பம் இழைத்திருத்தல் கூடும் எனக் கூறுதற்குப் பெரிய நெஞ்சுரம் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். இறையச்சம் பழியிலேதான் முடியவேண்டுமா? அம்பு நின்ற இடங்களை நோக்கினால் விடை கிடைக்கும். காளிதாசர் சாகுந்தலத்தின் தொடக்கத்திலே துஷ்யந்தன் மானைத் துரத்தி வருகிறான். இஃது ஆசிரம மான், கொல்லற்க எனத் தவத்தோர் தடுக்கின்றனர். அவன் அம்பை மீட்டுக்கொள்கிறான். வாழ்த்துப் பெறுகிறான். மறைமலையடிகள் தமிழாக்கத்தின் வாயிலாக இக்காட்சியைப் படித்தோர் பலர் நம்முள் இருப்பர். நம் நாட்டு மகாவம்சத்திலும் இதற்கு இணையான காட்சியொன்று உண்டு. தேவநம்பிய தீசன் மிகிந்தலைக் காட்டிலே வேட்டையாடச் சென்றபோது தேவனொருவன் மானுருவில் முன்னே தோன்றினான். அசட்டையாய் மேயும் விலங்கை எய்தல் தகாது என எண்ணிய மன்னன், நாணை மட்டும் ஒலித்தான். மான் ஓடியது, பின்தொடர்ந்த மன்னனை மகிந்த தேரர் "திஸ்ஸ" என வெறும் பெயர் சொல்லி அழைத்தார். அரசனைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவர்? இயக்கனோ என மன்னன் நினைத்தான். அவன் அடைந்த அச்சமும் இறையச்சமே. ஆயின் அம்பு செல்லாமையால் அங்கே சாபம் பிறக்கவில்லை; உரையாடல் பிறந்தது. ஜோன்ஸின் நாவலிலும் முடிவு இத்தகையதே. நால்வருள் ஒருவனின் மகள், தன்னைத் துரத்தி வந்த அந்த மானுக்கும் அதன்மேல் நீட்டப்பட்ட துப்பாக்கிக்கும் இடையிலே சென்று நிற்கிறாள். பழிக்குப் பழி என்னும் சங்கிலி அங்கே அறுகிறது. அச்சக்கதைகளும் அறத்தையே நாடுகின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வளவும் கூறியமையால், மான் வரும் அச்சப் படைப்பெல்லாம் உயர்ந்தது எனக் கொள்ளலாகாது. சாம் ரைமி இயக்கி 1987 இல் வந்த 'ஈவில் டெட்' இரண்டாம் படத்தில், சுவரில் மாட்டிய மான்தலை திடீரெனத் தலைதிருப்பி எக்காளமிட்டுச் சிரிக்கிறது. நாயகனும் பித்துற்று உடன் சிரிக்கிறான். நகைக்குத் தொல்காப்பியர் கூறிய எள்ளல் அங்கே அச்சத்தோடு கலந்து தன் அளவிலே வெற்றி பெறுகிறது. கொன்று மாட்டியவர் இல்லத்திலிருந்து கொலையுண்டதே எள்ளி நகைக்கிறது ஆதலின், அங்கும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் மானுக்குக் கோரைப்பல் முளைப்பித்து, குருதி ஒழுகும் வாயோடு பாயவிட்டால் அச்சம் பெருகும் என எண்ணுவோர் ஏமாறுகின்றனர். மானுக்குப் பல் முளைத்தால் அது புலியாகிவிடும்; புலிக்கு அஞ்சுதற்குப் புலியே போதும். மெல்லிய விலங்கு கடைசிவரை மெல்லியதாகவே இருத்தல் வேண்டும். அதன் மென்மை குறையாதபோதுதான் நம் நெஞ்சின் வன்மை நமக்குத் தெரியும்.

இரவிலே வன்னிக் காட்டுவழியாய் வாகனத்திற் சென்றோர் ஒன்றைக் கண்டிருப்பர். விளக்கொளி பட்டதும் வீதியோர இருளிலே இரு பொறிகள் மின்னும். மானின் விழிக்குள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. அதனாலே அவ்வாறு தோன்றும். அறியாதவன் அதனைக் கொள்ளிவாய்ப் பேய் என்பான். அறிந்தவனோ, தான் பாய்ச்சிய ஒளியே தன்னிடம் திரும்பி வருகிறது என உணர்வான். மானை வைத்து எழுதிய நல்ல அச்சக்கதைகள் எல்லாம் இவ்வாறே நம் ஒளியை நமக்குத் திருப்புகின்றன.

நம் எழுத்தாளருக்கு இதிலிருந்து ஒரு செய்தி உண்டு. ஈழத்துத் தமிழிலே அச்சக்கதை என்றால் புளியமரத்து முனியும் பனங்கூடல் பேயும் சுடலை மோகினியுமே பெரிதும் வந்திருக்கின்றன. அவை அணங்கின்பாற் பட்டவை, குறைகூற வேண்டியதில்லை. ஆனால் 2009 வரை நீண்ட போரைக் கண்ட நாட்டிலே, கொடியதைக் காட்டி அஞ்சச் செய்தல் எளிது. கொடியவற்றை நம் மக்கள் போதுமான அளவு கண்டுவிட்டனர். இன்னும் எழுதப்படாது கிடப்பது நான்காம் அச்சம். ஓடிய நாளிலே வழியில் விட்டுவந்த முதியவர் எவர், கட்டவிழ்க்காது வந்த பசு எது, கேட்டும் கேளாதது போல் கடந்த குரல் யாருடையது என்னும் வினாக்கள் பல வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாமலே இருக்கின்றன. குற்றம் செய்தவனும் துன்புற்றவனும் சில வேளைகளில் ஒரே உடலிலே வாழ்கின்றனர். அவர்களை இகழாமலும் விடுவியாமலும் எழுதவல்ல பேனா வேண்டும். அதற்குப் பேய் தேவையில்லை. வாசலில் வந்து நின்று பார்க்கும் ஒரு மான் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும் நாளிலே, அச்சத்தின் நான்கு நிலைக்களங்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "மானுக்கு அஞ்சியவர் எவரேனும் உண்டா?" என மாணாக்கரைக் கேட்டுப்பாருங்கள். முதலில் வகுப்புச் சிரிக்கும். பின்னர் ஒருவன் மாரீசனைக் கூறுவான். மற்றொருத்தி பாண்டுவைக் கூறுவாள். பின்வாங்கிலிருந்து ஒருவன் தான் பார்த்த படத்தைத் தயங்கித் தயங்கிக் கூறுவான். அவனைத் தடுக்காதீர்கள். தொல்காப்பியரும் அவனும் சந்திக்கும் நேரம் அது.